உங்க போர்டுக்கு இன்னும் ஒன்பது போர்டு

பெங்களூரில் ரிசப்ஷனில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற அத்தனை பேரிலும் பொய் சொல்ல வராத மனுஷன் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர்தான் எனக்கு வாய்த்தார். 'மேடம் மீட்டிங்கில் இருக்காங்க' என்று மூன்று வார்த்தை சொல்வதற்குத்தான் ரிசப்ஷன் என்று ஒன்றையே வைக்கிறார்கள். அந்த மூன்று வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவரை நம்பிப் பிழைத்த நாற்பத்துச் சொச்சம் கம்பெனிக்காரர்களும் 'ஹெட் ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். எங்களில் யாருக்கும் ஆபீஸ் கிடையாது. இருந்ததெல்லாம் அவர் தலைக்குள்தான்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்தவள். வீட்டுக்காரருக்கு ஐ.டி. கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் உள்பாவாடையில் பை வைத்தேன். சிரிக்காதீர்கள். கூட்டமான பஸ்ஸில் போனை எங்கே வைப்பது என்பது எவ்வளவு பெரிய பிரச்னை என்று புடவை கட்டுகிறவளைக் கேட்டால் சொல்வாள். இடுப்பை ஒட்டி, ஜிப் போட்ட ஆழமான பை. போன், சாவி, பஸ் பாஸ் எல்லாம் உள்ளே போய்விடும். கம்பெனிக்கு 'பைங்கிளி' என்று பெயர் வைத்தேன். துணியை என் வீட்டு ஹாலில் நானே வெட்டுவேன். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அவரவர் வீட்டில் தைத்துத் தருவார்கள். மடித்துக் கவரில் போட்டு அனுப்புவது மறுபடி என் ஹால்.

ஆன்லைனில் விற்க ஜி.எஸ்.டி. நம்பர் வேண்டும். நம்பருக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீட்டு ஓனரின் கையெழுத்து வேண்டும். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் ஓனர் பேனாவைத் தொடவே மறுத்துவிட்டார்.

"வீடுன்னா வீடு, கம்பெனின்னா கம்பெனிம்மா. ரெண்டையும் கலந்தா கரன்ட் ஆபீஸ்காரன் கமர்ஷியல் ரேட் போட்ருவான். என் வீட்டுல யாவாரம் பண்றதா இருந்தா வேற வீடு பாத்துக்கோ."

"இல்லை சார், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, துணியை வெட்ட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து கத்தரிக்கோல் சத்தம்கூடக் கீழே கேட்குமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் தொம்மலூரில் 'விர்ச்சுவல் ஆபீஸ்' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நீளமான ஒரே அறை. வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் விலாசம் தருவார்கள், வாடகைப் பத்திரம் தருவார்கள், சுவரில் உங்கள் பெயரில் ஒரு போர்டு மாட்டுவார்கள். வரும் கடிதத்தை வாங்கி வைக்கவும், வரும் போனை எடுத்துப் பேசவும் ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள்தான் ஹெட் ஆபீஸ்.

தொம்மலூர் பழைய ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பது தாண்டிய ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட முழுக்கை சட்டை. போன் அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார். எந்தக் கம்பெனிக்கு போன் வருகிறதோ அதற்குத் தக்க குரல். செக்யூரிட்டி கம்பெனிக்குக் கர்ஜனை. யோகா கிளாஸுக்கு மெல்லிய காற்று. என் கம்பெனிக்கு "பைங்கி...ளி" என்று ஒரு இழுப்பு.

நான் கையெழுத்துப் போடப் போன அன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம கம்பெனில இன்னா பண்றோம் மேடம்?"

"பாவாடை."

"பட்டுப் பாவாடையா?"

"உள்பாவாடை. பை வெச்சது."

காது இரண்டும் சிவந்துவிட்டது அவருக்கு. குனிந்துகொண்டே 'உ.பா., பையுடன்' என்று எழுதினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு முன்னாடியே சொல்ட்டேன் மேடம். எனக்குப் பொய் வராது. கொள்கை கிள்கை ஒண்ணும் இல்ல. சில பேருக்கு நீச்சல் வராது பாருங்க, அது மாதிரி."

நானும் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

பத்தாம் நாளே சிரிப்பு அடங்கியது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. என் சரக்கை எங்கேயோ பார்த்துவிட்டு, கடைக்காரரே தொம்மலூர் நம்பருக்கு போன் செய்திருக்கிறார்.

"மேடம் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"எப்ப வருவாங்க?"

"அவங்க இங்க வர்றதே இல்லீங்க சார். ஒரே ஒரு தபா வந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டாங்க."

அந்தக் கடைக்காரர் என் செல்லுக்குக் கூப்பிட்டு, "ஏன்மா, ஓடிப் போற கம்பெனியா நீங்க?" என்று கேட்டார். சமாதானப்படுத்த அரைமணி நேரம் ஆயிற்று. போனை வைத்த கையோடு ஹெட் ஆபீஸைப் பிடித்தேன்.

"மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணா?"

"மீட்டிங்ல இருந்தீங்களா?"

"...துணி வெட்டிட்டு இருந்தேன்."

"அத்த எங்கிட்ட சொல்லியிருந்தா அத்தயே சொல்லியிருப்பேன்ல?"

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. யார் கூப்பிட்டாலும் அந்த ஆளைக் காக்கவைத்துவிட்டு எனக்கு போன் வரும். "மேடம், லைன்ல ஆள் கீது. இப்ப இன்னா பண்ணினுகிறீங்க?" உள்ளதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருநாள் நொந்துபோய், "பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சிட்டு இருக்கேன்" என்றேன். அதை அப்படியே கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்காரரிடம் ஒப்பித்திருக்கிறார். "மேடம் பாப்பாவுக்கு எண்ணெ தேச்சினுகிறாங்க. கை கழுவிட்டுப் பேசுவாங்க." போச்சு, கடை கைவிட்டுப் போச்சு என்று கை கழுவாமலே போனை எடுத்தேன். கடைக்காரர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பண்டிகை சீசனுக்கு முந்நூறு உருப்படி ஆர்டர் கொடுத்தார்.

சரி, இந்த மனுஷனோடு ஒருவழியாகக் குப்பை கொட்டிவிடலாம் என்று நினைத்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை பத்து மணி. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே கஞ்சிச் சட்டை. ஒரு துண்டுச்சீட்டைப் பார்ப்பதும் வீட்டு நம்பரைப் பார்ப்பதுமாக நிற்கிறார். லீவு நாளில் ஒவ்வொரு கம்பெனியாகத் தேடிப்போய்ப் பார்ப்பது அவர் வழக்கமாம். பார்க்காத கம்பெனியை 'நம்ம கம்பெனி' என்று எப்படிச் சொல்வது என்று அவருக்கு உறுத்தல். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேட்டுக்கு உள்ளே ஓனர் ஹோஸ் பைப்பைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் ஹாலில் முந்நூறு பாவாடைக்கான துணி பரப்பிக் கிடந்தது.

கையில் கத்தரிக்கோலோடு மாடிப்படியில் ஓடினேன். பாதிப் படியில் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"யார் வேணும்?"

"மாடி மேடத்தைப் பாக்கணும் சார். அவங்க கம்பெனி ரிசப்ஷன் நானு."

ஹோஸ் பைப் செடியை விட்டு விலகி ஓனரின் கால்மேலேயே ஊற்ற ஆரம்பித்தது. அவர் கவனிக்கவில்லை.

"கம்பெனியா? எங்க இருக்கு கம்பெனி?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொம்மலூர்ல சார். மருந்துக்கடை மேல, ரெண்டாவது மாடி."

"அட! ஆபீஸே போட்டுட்டியாம்மா? சொல்லவே இல்லியே!" என்று ஓனர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல்தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது அந்தப் பார்வையில். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாங்கள் அன்றைக்கே தெருவில் நின்றிருப்போம். கேட்டால் இவர் சொல்லியிருப்பார். நல்லவேளை, கேட்கவில்லை.

மேலே வந்த ஹெட் ஆபீஸ் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்த அடுக்கைப் பார்த்தார். ஒரு பாவாடையை எடுத்து, பைக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு, "ஆழமாத்தான் கீது" என்று திருப்தியாகச் சொன்னார். காபி குடித்தார். போகும்போது ஓனரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. "தண்ணி கால்ல ஊத்துது சார்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. நேரம் பத்தே முக்கால். போன்.

"மேடம், டாக்ஸ் ஆபீஸ்லேந்து வந்துகிறாங்க. விலாசத்துல நெஜமா கம்பெனி கீதான்னு பாக்குறாங்க. கோடிலேந்து ஒவ்வொரு போர்டா கேட்டுனு வராங்க. உங்க போர்டுக்கு இன்னும் ஒன்பது போர்டு கீது."

கட்டியிருந்த புடவையோடு ஓடினேன். பாப்பாவை, துணி தைத்துத் தருகிற அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்துவிட்டால் பில் போட முடியாது. பில் இல்லாமல் கடைக்காரர் ஒரு உருப்படி எடுக்க மாட்டார். தைத்துக் கொடுக்கிற இரண்டு பேரும் அந்த முந்நூறை நம்பித்தான் வேறு எந்த வேலையும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். ஆட்டோ சிக்னலில் நின்றது. நின்றது என்றால் பெங்களூர் நிற்றல். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

போன். "ஏழு போர்டு, மேடம்."

"அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். நான் சாப்பிட வெளியில போயிருக்கேன்னு சொல்லுங்க."

"பதினோரு மணிக்கு யாரு சாப்பாட்டுக்குப் போவாங்க?"

"காபிக்கு!"

"காபியா குடிக்கிறீங்க?"

"இல்லை... ஆட்டோவுல வந்துட்டு இருக்கேன்."

"அப்ப ஆட்டோவுல வந்துனுகிறாங்கன்னு சொல்றேன்."

தொம்மலூர் மேம்பாலம் தெரியும்போது மறுபடி போன். "மூணு." இப்போது ரகசியக் குரல். "வந்துகிற ஆபீசர் அம்மா கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டு."

மிச்ச தூரத்தை ஆட்டோவை விட்டு இறங்கி ஓடினேன். இரண்டு மாடி ஏறி வாசலில் போய் மூச்சு வாங்க நின்றபோது, என் போர்டுக்கு முன்னால் பெண் அதிகாரி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பருத்திப் புடவை, கண்ணாடி. கூட ஃபைலோடு இரண்டு பேர். அந்த ஃபைலில் வரிசையாகச் சிவப்பு மையில் கோடு கிழித்திருந்தது.

முன் போர்டைப் பற்றி ஹெட் ஆபீஸ் அப்போதுதான் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். "தேடிப் போனேன் மேடம். அந்தத் தெருவுல அப்படி ஒரு ஆளே இல்ல. எட்டு மாசமா லெட்டர் எடுக்க யாரும் வரல. மேனேஜர் கிட்ட எழுதியே குடுத்துட்டேன்." இன்னொரு சிவப்புக் கோடு.

"பைங்கிளி" என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். "இவங்க இங்க வருவாங்களா?"

"வர்றதில்ல மேடம்."

"சரக்கு?"

நான் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். முகம் ஒருமாதிரி வாடிப் போயிற்று. ஆனாலும் நீச்சல் வராதவருக்கு வராது.

"சரக்கு ஈஜிபுராவுல கீது மேடம். அவங்க வீட்டு ஹால்ல, ஃப்ரிட்ஜ் பக்கத்துல. நான் பாக்கசொல்ல ரோஸு, பச்சை, சந்தனக் கலரு."

"நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன். பைக்குள்ள கையும் வுட்டுப் பாத்தேன். அதோ, அவங்களே வந்துட்டாங்க."

மூன்று தலையும் என் பக்கம் திரும்பின. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலைலேந்து கேட்டுட்டு வரேன்" என்றார். "இந்த மனுஷன் ஒரு போர்டுக்குக்கூட மாத்திப் பேசலை. இல்லாததை இல்லைன்னவர், உங்க கம்பெனி இருக்குங்கறார். நான் நம்பறேன். ஆனா சரக்கு இருக்கிற இடம் உங்க ரிஜிஸ்ட்ரேஷன்ல இல்லை. வீட்டு ஓனர் கிட்ட லெட்டர் வாங்கி அந்த விலாசத்தையும் சேத்துடுங்க. ஏழு நாள் டைம். இல்லேன்னா கேன்சல்."

படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, கூட வந்த ஆண்களுக்குக் கேட்காமல் என்னிடம் மெதுவாக, "இது எங்க கிடைக்கும்?" என்றார்.

"நானே ஒண்ணு கொண்டு வந்து..."

"குடுக்கக்கூடாது மேடம்" என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் ஹெட் ஆபீஸ். "ஆபீசருக்குச் சும்மா குடுத்தா அதுக்கு வேற பேரு. ஆன்லைன்ல வாங்கிக்கட்டும்."

அதிகாரி முதல்தடவையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எந்த ஒரு கையெழுத்து எனக்குக் கிடைக்காதோ அந்தக் கையெழுத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்.

"ஒரே ஒரு பொய், அண்ணா. சரக்கு எங்கன்னு தெரியாதுன்னு சொல்லியிருந்தா போதாதா?" என்று அங்கேயே கத்தினேன். அடுத்த போன் அடித்தது. அவர் எழுந்து நின்று எடுத்தார்.

ஐந்து நாள் அவர் போனை நான் எடுக்கவில்லை. ஐந்து நாளும் ஓனர் வீட்டு வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் அவரே வந்து நின்றார்.

"வாங்க, ஓனர் கிட்ட போலாம்."

"நீங்க மட்டும் வரவேணாம் அண்ணா. புண்ணியமாப் போகும்."

வந்தார். ஓனர் எதிரே உட்கார்ந்தார். இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். ஹால், துணி, ஃப்ரிட்ஜ், அதிகாரி, ஏழு நாள். ஒன்றையும் விடவில்லை. ஓனர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அன்னிக்கி எங்கிட்ட தொம்மலூர்னுதானே சொன்னே?"

"கம்பெனி எங்கன்னு கேட்டீங்க சார். சரக்கு எங்கன்னு கேக்கலியே."

"காலி பண்ணும்மா! இந்த மாசமே!" என்று ஓனர் என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் பக்கத்தில் ஹெட் ஆபீஸ் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது சமையற்கட்டிலிருந்து ஓனரின் மனைவி வந்தார். "என்ன பேருன்னு சொன்னீங்க? பைங்கிளியா?" என்றார். புடவைக் கொசுவத்துப் பக்கமாகக் கையை விட்டார். சர்ரென்று ஜிப் சத்தம். வீட்டுச் சாவிக்கொத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நீ பண்றதாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"போன்ல ஆர்டர் போட்டு வாங்கினேன். மூணு வெச்சிருக்கேன். பார்சல் வர நாலு நாள் ஆச்சு!" என்று கூரையைப் பார்த்தார். என் ஹாலிலிருந்து கிளம்பிய பார்சல் ஊருக்கு வெளியே இருக்கிற கோடவுனுக்குப் போய், சுற்றிக்கொண்டு, பதினாறு படிக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறது.

ஓனர் தன் மனைவியைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். "மெஷின் ஓடுதா மேல?" என்று ஹெட் ஆபீஸிடமே கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. கவனியுங்கள்.

"மெஷின் இல்ல சார். கத்தரிக்கோல்தான். கத்தரிக்கோலு கரன்ட் சாப்பிடாது."

மறுநாள் காலை கையெழுத்து கிடைத்தது. முந்நூறு உருப்படியும் பண்டிகைக்கு முன்னால் கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய்ச் சேர்ந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சிவப்புக் கோடு விழுந்த கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத ஆளை எதற்கு ரிசப்ஷனில் வைத்தாய் என்று மேனேஜரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒருநாள் என் கம்பெனி நம்பருக்கு நானே கூப்பிட்டேன். பதிவு செய்த ஒரு பெண்குரல் வந்து, எங்கள் பிரதிநிதிகள் எல்லோரும் பிஸியாக இருக்கிறார்கள் என்றது. பிரதிநிதிகளாம். எல்லோருமாம். போனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒரே ஒரு பொய்க்காக அவரிடம் அன்று கத்தியது ஞாபகம் வந்தது.

அவருடைய சொந்த நம்பரைத் தேடிப் பிடித்தேன். "பேஜார் ஒண்ணும் இல்ல மேடம். வேற வேலை கிடைச்சிட்டுது" என்றார். ஒக்கலிபுரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. போய்ப் பார்த்தேன். பெஞ்சு முழுக்க ஆட்கள். எழுந்து நின்று, அதே கஞ்சிச் சட்டையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னும் வீட்டுலேந்தே கிளம்பலைமா. இப்பத்தான் குளிக்கப் போயிருக்காரு. போய் ஒரு இட்லி சாப்ட்டு வாங்க, டோக்கனை நான் பாத்துக்கறேன்."

ஈஜிபுராவில் எங்கள் தெருவிலேயே மூன்று டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், இரண்டு பஸ் மாறி நாங்கள் ஒக்கலிபுரம்தான் போகிறோம்.